கண்ணாடிக் கடலில் கேளாமல் வந்த விருந்தாளிகள்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். முன்பு வந்த மலர்களில் பழைய முகத்தல் அளவைகள் பற்றியும், பித்தளை வெண்கலப் பாத்திரங்கள் பற்றியும் எழுதினேன். அவை என் தொழிலை ஒட்டிய விஷயங்கள். இந்த முறை கடல்நீர் மீன் தொட்டியைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நயினார் வீட்டில் மீனா? என்னங்க இது அநியாயம்!" என்றார். சமைக்க அல்ல, பார்க்கத்தான் என்று சொல்லி அவரைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் இன்று நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகளுக்காக இப்படித் தொட்டி வைக்கிறார்கள். வைத்த பிறகு அதில் தானாக ஏதேதோ முளைப்பதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயத்தில் செய்யும் காரியம் எவ்வளவு விபரீதமாக முடியும் என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பட்ட பாடு

2012ஆம் ஆண்டு. நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். என் பேரனுக்கு அப்போது எட்டு வயது. 2003இல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். என் மகன் 200 லிட்டர் தொட்டி வாங்கினான். செயற்கைக் கடலுப்பு கரைத்தான். 'லைவ் ராக்' என்று கடைக்காரர்கள் சொல்லும் உயிர்ப்பாறை 15 கிலோ வாங்கி அடுக்கினான். ஆறு வாரம் பொறுத்து இரண்டு கோமாளி மீன், இரண்டு இறால், ஐந்தாறு நத்தை விட்டான். ஒரு பாறையின் மேல் சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பும் பச்சையுமாக ஒரு கூட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது சோவாந்திட் என்னும் உயிரினம் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஒருநாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்த பேரன், "தாத்தா, பூரான்! தொட்டிக்குள்ள பூரான்!" என்று கத்தினான். டார்ச் அடித்துப் பார்த்தோம். விரல் நீளத்துக்கு, இளஞ்சிவப்பாக, இரண்டு பக்கமும் வெள்ளை மயிர் வைத்து ஒன்று பாறைப் பொந்துக்குள் இழுத்துக்கொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தால் இன்னும் நாலைந்து. மகனுக்கு அருவருப்பு தாங்கவில்லை. "பாறை எல்லாத்தையும் வெளியே எடுத்துக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுத்துட்டா சரியாயிடும்ப்பா" என்றான். மறுநாளே நம் கடையிலிருந்து புது ஸ்டீல் அண்டா ஒன்றைக் கொண்டு வந்தான். நானும் சரி என்றுதான் இருந்தேன். என் மனைவிதான் குறுக்கே நின்றாள். "என் அடுப்புல உசிரை வேக வைக்கணும்னா, என்னை ஊருக்கு ரயிலேத்திட்டு அப்புறம் வைங்க" என்றாள். அன்று சதுர்த்தசி வேறு. அண்டா கடைக்கே திரும்பிப் போனது. அந்தப் பேச்சு எங்களை எதிலிருந்து காப்பாற்றியது என்பதைக் கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

பிறகு மகன் ஒரு கடையில் கேட்டு, செம்பு கலந்த மருந்து வாங்கி வந்தான். "புழு செத்துடும் சார், மீனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்களாம். அது பாதி உண்மை. செம்பு மருந்து மீனின் தோலில் ஒட்டும் கிருமிக்காகத் தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டியது. முதுகெலும்பு இல்லாத கடலுயிர்களுக்கு அது விஷம். மூன்றாம் நாள் இறால், நத்தை, புழு எல்லாம் செத்தன. பாறைக்குள் செத்ததை வெளியே எடுக்க வழியில்லை. அழுகி அம்மோனியா ஏறியது. ஐந்தாம் நாள் கோமாளி மீன் இரண்டும் மிதந்தன. செம்பு பாறையிலும் மணலிலும் ஊறி, பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும் என்பதால் அந்தப் பாறை இனி எதற்கும் உதவாது என்று ஆயிற்று.

பேரன் அன்று என்னிடம் கேட்டான்: "அந்தப் புழு என்ன தாத்தா தப்பு பண்ணுச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன். பல மாதம் படித்தபின் கிடைத்த பதில், அது ஒரு தப்பும் பண்ணவில்லை என்பதுதான்.

பாறைக்குள் ஒரு குடித்தனம்

உயிர்ப்பாறை என்பது செத்த பவளத்தின் எலும்புக்கூடு. சுண்ணாம்பால் ஆனது. பஞ்சு போலத் துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் தொட்டியின் துப்புரவுப் பணியாளர்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். பாறையின் உள்ளே, காற்று எட்டாத இடத்தில், வேறொரு வகை அந்த நைட்ரேட்டையும் பிரித்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடும். பாறைக்கு 'உயிர்' என்று பெயர் வந்தது இதனால்தான்.

பாக்டீரியா மட்டும் வருவதில்லை. கடலில் கிடந்த பாறையில் புழு, நத்தை, நண்டு, கடற்பஞ்சு, பாசி, முட்டை எல்லாம் சேர்ந்தே வரும். பவளத் துண்டு வாங்கினால் அதன் அடிக்கல்லில் வரும். நத்தை வாங்கினால் அதன் ஓட்டின் மேல் வரும். நாம் இவற்றுக்குக் காசு கொடுக்கவில்லை. கேட்கவும் இல்லை. டிக்கெட் வாங்காமல் ரயிலேறியவர்கள் போல வந்து சேர்ந்தவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தொல்லை தராதவை. பல நமக்கு வேலை செய்து கொடுப்பவை. அஞ்ச வேண்டியவை சில மட்டுமே. இந்த விகிதத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலில் பார்ப்பது, பிறகு பேசுவது

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துக் காட்டுகிறது. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை வகை ஈரறிவு, கறையானும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று போகிறது. எங்கள் சமண நூல்களிலும் புலன்களை எண்ணி உயிர்களை வகுக்கும் முறை உண்டு. இன்றைய விலங்கியலோடு இந்தக் கணக்கு முழுதும் ஒத்துப்போகாது. உதாரணமாக, கைட்டான் என்று ஓர் உயிர் இருக்கிறது. நத்தைக்கு உறவு. முதுகில் எட்டுத் தகடு. அதில் ஒருவகைக்கு அந்த ஓட்டின் மேலேயே நூற்றுக்கணக்கான நுண்கண்கள் இருப்பதையும், அந்தக் கண்ணின் வில்லை சுண்ணாம்புக் கல்லால் ஆனது என்பதையும் 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கணக்கு மாறலாம். ஆனால் ஓர் உயிரைத் தொடுவதற்கு முன் அதற்கு என்ன தெரியும், அது எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கும் பழக்கம் நல்ல பழக்கம். தொட்டிக்கு அதுவே முதல் பாடம்.

புதிய உயிர் ஒன்றைக் கண்டால் நான் ஐந்து கேள்வி கேட்டுக்கொள்வேன். பகலில் வருகிறதா, இரவில் வருகிறதா? ஓடுகிறதா, ஒரே இடத்தில் ஒட்டியிருக்கிறதா? எதன் மேல் இருக்கிறது: கண்ணாடியிலா, வெறும் பாறையிலா, உயிருள்ள பவளத்தின் சதை மேலா? அது இருந்த இடத்தில் எதுவாவது குறைந்திருக்கிறதா? எண்ணிக்கை கூடுகிறதா? இதற்கு வேண்டிய சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு பூதக்கண்ணாடி, சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச், ஒரு நோட்டுப் புத்தகம். கடலுயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. அதனால் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளியில் பார்த்தால் நிஜமான குடித்தனம் தெரியும். இன்று கையிலே போன் இருக்கிறது. படம் எடுத்து வைத்து, தெரிந்தவர்களிடம் காட்டலாம். ஒரு வாரம் பார்க்காமல் எதையும் எடுக்காதீர்கள். ஒரு வாரத்தில் தொட்டி அழிந்துவிடாது.

தொல்லை தராதவர்கள்

முட்புழு: எங்கள் வீட்டுப் 'பூரான்' இதுதான். பிரிஸில் வோர்ம் என்பார்கள். மீன் தின்னாமல் விட்ட தீனி, கழிவு, செத்த உயிர் ஆகியவற்றைத் தேடித் தின்னும். கை போகாத பொந்துக்குள் போய்ச் சுத்தம் செய்யும். செத்த மீனைச் சுற்றி இவை மொய்ப்பதைப் பார்த்து, இவைதான் கொன்றன என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். பிணத்தை எடுக்க வந்தவனைக் கொலைகாரன் என்று பிடித்த கதை. மீன் செத்ததற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரில் இருக்கும். முதலில் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: அதன் வெள்ளை முள் கையில் ஏறினால் எரியும், அரிக்கும். ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள். செல்லோடேப்பை ஒட்டி உரித்தால் முள் அதோடு வந்துவிடும். பிறகு வினிகர் தடவலாம்.

நொறுங்கு நட்சத்திரம்: நடுவில் மிளகு அளவு வட்டு. அதிலிருந்து நூல் போல ஐந்து கை. பாறை இடுக்கிலிருந்து கைகளை மட்டும் நீட்டி ஆட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கும் துணுக்குகளைப் பிடித்துத் தின்னும். கை உடைந்தால் திரும்ப வளரும். இவற்றில் ஒரு சிறிய இனம் குஞ்சுகளைத் தன் உடலுக்குள்ளேயே வைத்து வளர்த்து வெளியே விடும். அதனால்தான் தொட்டியில் தானாகப் பெருகுகிறது. இது நல்ல குடித்தனக்காரர்.

அஸ்டெரினா: விரல் நக அளவில், வெளிறிய நட்சத்திர மீன். கைகள் ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று கோணலாக இருக்கும். இரண்டாகப் பிளந்து பெருகுவதால் அப்படி. பெரும்பாலும் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்று வாழும். சிலர் இது சோவாந்திட்டைக் கடிப்பதாகச் சொல்கிறார்கள். உங்கள் தொட்டியில் கடிக்கிறதா என்று நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். ஊரார் பேச்சை வைத்துத் தண்டனை வேண்டாம்.

கண்ணாடிச் சுருள்கள்: கண்ணாடியிலும் குழாயிலும் குண்டூசித் தலை அளவில் வெள்ளைச் சுருள் சுருளாக ஒட்டியிருக்கும். நத்தை முட்டை என்று நினைப்பார்கள். அவை ஸ்பைரார்பிட் என்னும் சிறு குழாய்ப்புழுக்கள். தண்ணீரை வடிகட்டி வாழ்பவை. இதே வேலையை விசிறிப்புழுவும் செய்யும். குழாயிலிருந்து சின்ன மயில்தோகை போல விரித்துக்கொண்டிருக்கும். நிழல் பட்டால் சடக்கென்று உள்ளே போய்விடும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் மீனை மறந்துவிடுவார்கள்.

பாட் கூட்டம்: கோப்பிபாட், ஆம்பிபாட் என்று இரண்டு வகை. ரவை தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடியில் ஓடினால் முதல் வகை. குட்டி இறால் போல வளைந்து ஓடினால் இரண்டாவது. இவை வந்தது தொட்டி நன்றாக இருப்பதற்கு அடையாளம். மாண்டரின் போன்ற சில அழகு மீன்கள் இவற்றைத் தின்றே வாழ்கின்றன. இவை இல்லாத தொட்டியில் அந்த மீன் பட்டினியால் சாகும்.

நத்தைகள்: காது மடல் போல் சின்ன ஓடும் பெரிய உடம்புமாக வேகமாக ஓடுவது ஸ்டொமடெல்லா. பிடித்தால் உடம்பின் வால்பகுதியைப் பல்லி வாலைப் போல விட்டுவிட்டுப் போய்விடும். கைட்டானை முன்னமே சொன்னேன். இரண்டும் பாசி மேய்பவை. காசு கொடுத்து வாங்கினாலும் கிடைக்காத வேலைக்காரர்கள்.

கடற்பஞ்சு: இருட்டு மூலையிலும், குழாய்க்குள்ளும் அன்னாசிப்பழம் போல வெள்ளையாகச் சின்னச் சின்னதாக முளைப்பது சைகான் என்னும் கடற்பஞ்சு. தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். வரும், சில மாதத்தில் தானே போகும். கடற்பஞ்சு உள்ள பாறையைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கக்கூடாது. அதன் துளைகளில் காற்று ஏறினால் செத்துப்போகும்.

ஊதாப் பாசி: பாறை மேல் இளஞ்சிவப்பு, ஊதா நிறத்தில் பெயிண்ட் அடித்தது போலப் படிவது சுண்ணாம்புப் பாசி. கறை என்று சுரண்டாதீர்கள். தண்ணீர் சரியாக இருக்கிறது என்று அது போடும் கையெழுத்து.

காவல் நண்டு: கிளை விட்ட கல் பவளத்தின் நடுவே சோழி அளவில் ஒரு நண்டு இருந்தால் எடுத்து எறியாதீர்கள். டிரபீசியா என்னும் அந்த இனம் பவளத்தின் காவல்காரன். கடலில் பவளத்தைத் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீன் வந்தால், அதன் முள்ளையும் கால்களையும் கடித்து விரட்டும். இவ்வளவு சின்ன உயிர் அவ்வளவு பெரிய எதிரியை விரட்டுகிறது.

கவனிக்க வேண்டியவர்கள்

எல்லோரையும் நல்லவர் என்று சொல்லிவிட்டால் அது அறிவுரை ஆகாது. ஏப்டேசியா என்பது பழுப்பு நிறக் கடல் சாமந்தி. சின்னத் தென்னங்கன்று போல நிற்கும். வேகமாகப் பெருகி, பக்கத்தில் உள்ள பவளத்தைச் சுடும். இதைக் கத்தியால் சுரண்டினால் விழுகிற ஒவ்வொரு துணுக்கும் புது ஏப்டேசியா ஆகும். ஒன்றிரண்டு இருக்கும்போதே அது உள்ள கல்லை அப்படியே எடுத்துவிடுவது நல்லது. கொடுக்கின் நுனி கறுப்பாகவும், உடம்பு மயிர் அடர்ந்தும் இருக்கும் நண்டுகளைச் சந்தேகப்படலாம். இரவில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மாண்டிஸ் இறாலாக இருக்கலாம். அது நத்தை, நண்டு, மீன்களை அடித்துத் தின்னும். ஆனால் அதே சத்தம் போடும் பிஸ்டல் இறால் சாதுவானது. கோபி மீனோடு ஒரே வளையில் கூட்டுக்குடித்தனம் நடத்தும். சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

புழுவிலும் கெட்டது உண்டு. 2009இல் இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதி நியூக்கி நகரத்துக் கடலுயிர்க் காட்சியகம் ஒன்றில், பவளம் வெட்டுப்பட்டும் மீன்கள் காயம்பட்டும் இருப்பதைக் கண்டு, பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். நாலடி நீளத்தில் ஒரு புழு கிடைத்தது. ஆனால் அது நம்முடைய முட்புழு அல்ல. தலையில் ஐந்து உணர்கொம்பும், வலுவான தாடையும் உள்ள யூனிசிட் இனத்தைச் சேர்ந்தது. ஆகவே புழுவைக் கண்டால் முதலில் தலையைப் பாருங்கள்.

எப்படிக் கையாள்வது?

எண்ணிக்கை அதிகமானால் அது அந்த உயிரின் குற்றமல்ல. நாம் போடும் தீனியின் கணக்கு. முட்புழு பத்து இருந்தது நூறானால், நூறு புழுவுக்குப் போதுமான மிச்சம் தொட்டியில் விழுகிறது என்று பொருள். அந்த நூறையும் கொன்றாலும் மிச்சம் அங்கேதான் அழுகும். மீன்கள் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். ஓரிரு மாதத்தில் புழு தானே குறையும். பாத்திரம் கழுவாத அடுக்களையில் கரப்பான் வருவதற்குக் கரப்பானைத் திட்டி என்ன பிரயோஜனம்?

ஒன்றிரண்டை எடுத்தே ஆகவேண்டும் என்றால் மருந்து ஊற்றாதீர்கள். மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது. மூடியில் சின்ன ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொஞ்சம் தீனி வைத்து இரவில் மணலில் புதைத்தால், புழுவும் நண்டும் உள்ளே வந்துவிடும். காலையில் டப்பாவோடு எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் இதற்கென்று 40 லிட்டரில் தனித் தொட்டி ஒன்று இருக்கிறது. ஒரு பம்பு, ஒரு பாறை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். பெரிய தொட்டியில் வேண்டாதவற்றை அதற்கு மாற்றுவோம். பேரன் அதற்கு 'மாமியார் வீடு' என்று பெயர் வைத்திருக்கிறான். ஏப்டேசியா முளைத்த கல் கூட அங்கேதான் இருக்கிறது. அங்கே அது கழிவை உறிஞ்சிக்கொண்டு ஒருவருக்கும் தொந்தரவில்லாமல் வாழ்கிறது. எல்லோராலும் இப்படி இன்னொரு தொட்டி வைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். முடிந்தவர்கள் வைக்கலாம்.

கல் வாங்கும்போதே கவனித்தால் வேலை குறையும். புதிய கல்லையும் பவளத்தையும் நேரே பெரிய தொட்டியில் போடாமல், சில வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வேலை செய்யும்போது ரப்பர் கையுறை கட்டாயம். கண்ணுக்குக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குத் தொட்டிப் பக்கமே போகாதீர்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அந்த அண்டாவின் கதை

இப்போது, முதலில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். எங்கள் பாறையில் பொத்தான் மாதிரி ஒட்டியிருந்த சோவாந்திட்டைச் சேர்ந்த சில இனங்களில் பாலிடாக்சின் என்னும் விஷம் உண்டு. ஹவாய்த் தீவில் கிடைத்த பாலிதோவா என்னும் இனத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்ததை 1971இல் வெளியிட்டார்கள். இயற்கையில் உள்ள மிகக் கடுமையான விஷங்களில் ஒன்று அது. நம் உடலின் ஒவ்வொரு அணுவிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு வேலை செய்கிறது. இந்த விஷம் அந்தப் பம்பை மூடாத குழாய் ஆக்கிவிடுகிறது. இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது.

அந்தப் பாறையைக் கொதிக்க வைத்தாலோ, வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலோ, விஷம் ஆவியோடும் நீர்த்துளியோடும் காற்றில் பரவும். மூச்சில் போனால் இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், தசை வலி, வாயில் கசப்பு எல்லாம் வரும். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவின் அலாஸ்காவில் வீடுகளிலும் மீன் கடைகளிலும் இப்படி நடந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2015இல் பதிவு செய்தது. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷைர் பகுதியில் ஒரு குடும்பம் தொட்டியிலிருந்து பவளத்தை அகற்றப் போய், உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது.

இதைப் படித்த அன்று எனக்குக் கை நடுங்கியது. எங்கள் சமையலறை எட்டுக்கு ஆறு. ஒரே ஜன்னல். அன்று அண்டா அடுப்பில் ஏறியிருந்தால் உள்ளே நின்றிருப்பவர்கள் என் மகன், மருமகள், வேடிக்கை பார்க்க வந்த எட்டு வயதுப் பிள்ளை. எங்களிடம் இருந்தது விஷமுள்ள இனம்தானா என்று சோதித்தவர் யாரும் இல்லை. சோதிக்காமலே வேக வைக்க இருந்தோம் என்பதுதான் விஷயம். என் மனைவிக்குப் பாலிடாக்சின் என்ற சொல்லே தெரியாது. அவள் சொன்னது புழுவுக்காக. தப்பியது நாங்கள். ஆகவே வாசகர்களுக்கு என் கைகூப்பிய வேண்டுகோள்: உயிர்ப்பாறையை எக்காரணம் கொண்டும் வேக வைக்காதீர்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள். சுடுநீர் ஊற்றாதீர்கள். அப்படி ஏதாவது செய்து மூச்சுத் திணறினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், பாலிடாக்சின் என்ற பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாறை எங்கிருந்து வருகிறது?

முதல் தொட்டிக்குப் பாறை வாங்கும்போது ரசீது கேட்டோம். எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. அது எங்கள் தவறு. நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் அந்தப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறி, கடல் அட்டை ஆகியவை சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே அட்டவணை. ராமேஸ்வரம் போன இடத்தில் அழகாக இருக்கிறதே என்று ஒரு துண்டு எடுத்துப் பெட்டியில் வைத்தாலும் குற்றம்தான்.

எங்கள் இரண்டாவது தொட்டியில் உயிர்ப்பாறை இல்லை. சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து செய்த செயற்கைப் பாறைதான். அதில் பாக்டீரியா குடியேற மூன்று மாதம் ஆனது. பொறுத்துக்கொண்டோம். மென்பவளம் சிலவற்றை மட்டும், வந்த வழிக்குக் காகிதம் காட்டிய இடத்தில் வாங்கினோம். அப்படியும் அந்தச் சின்ன அடிக்கல்லில் ஒட்டிக்கொண்டு முட்புழுவும் நொறுங்கு நட்சத்திரமும் வந்து சேர்ந்துவிட்டன.

இன்னொன்று. வேண்டாத உயிரைக் கொல்ல மனமில்லாமல் ஜூஹூவிலோ மெரீனாவிலோ கொண்டுபோய் விடுவதும் தவறு. அது ஜீவகாருண்யம் போலத் தெரியும். ஆனால் 1984இல் மொனாக்கோவின் கடலுயிர் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் காணப்பட்ட ஒரு தொட்டிப் பாசி, பின்னால் மத்தியதரைக் கடலோரத்தில் பல இடங்களில் பரவி அங்கிருந்த பாசிகளை மூடிவிட்டது. 1985இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையருகே முதலில் காணப்பட்ட சிங்கமீன், தொட்டிகளிலிருந்து விடப்பட்டது என்றே கருதப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்கிறது. ஓர் உயிருக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து ஓராயிரம் உயிருக்குக் கேடு செய்யக்கூடாது. கடல் உயிரைக் கடலிலும் விடாதீர்கள், சாக்கடையிலும் விடாதீர்கள். வளர்ப்பவர் யாருக்காவது கொடுங்கள். இல்லையேல் நீங்களே வைத்துக் காப்பாற்றுங்கள்.

1979இல் நான் மும்பைக்கு வந்தபோது, பெரியப்பா மகன் தங்கியிருந்த அறையில் ஒட்டிக்கொண்டவன்தான். அவரும் கூப்பிடவில்லை, வீட்டுக்காரரும் கூப்பிடவில்லை. பக்கத்து அறை மராத்திக் குடும்பம் ஆறு மாதம் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், விரட்டவில்லை. ஏழாவது மாதம் அந்த வீட்டு அம்மா போளி கொடுத்தனுப்பினார். நம்மில் பலருக்கு இப்படி ஒரு கதை இருக்கும்.

பேரன் இப்போது கல்லூரியில் விலங்கியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் இரவில் விளக்கணைத்துவிட்டு, சிவப்பு டார்ச்சோடு தொட்டி முன்னால் உட்கார்ந்துவிடுவான். போன தீபாவளிக்கு வந்தபோது, "தாத்தா, அந்தப் புழு இன்னும் இருக்கு. நல்லா வளர்ந்துடுச்சு" என்று கூப்பிட்டுக் காட்டினான். என் மனைவியும் எட்டிப் பார்த்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.